மதியத் தூக்கம்

எனக்கு மதியத்தில் தூங்கும் பழக்கம் கிடையாது. சாப்பிட்டதும் கண்ணைச் செருகிக்கொண்டு வருகிறது என்று மற்றவர்கள் சொல்லும்போது, அது எப்படி இருக்கும் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. சிவகாசியில் எங்கள் லாரி ஆபீஸில் ஒன்றரை மணிக்கு மேல் விழித்திருப்பவள் நான் ஒருத்திதான். முதலாளி அண்ணாச்சி உள்ளறைக் கட்டிலில் படுத்துவிடுவார். லோடு ஏற்றுகிறவர்கள் தார்ப்பாய்ச் சுருள்மேல் சாய்ந்துவிடுவார்கள். மின்விசிறிச் சத்தமும் என் போன் பேச்சும்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

மேடம், சூலக்கரையில் இந்த விபத்தை விசாரிக்கும் உங்கள் அலுவலகத்துக்கு நான் வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. எரிந்த வண்டியில் டிரைவர்கள் இரண்டு பேர் இருந்தார்களா, ஒருவர்தானா? ஒருவர்தான் என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். அதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் பழி முழுவதும் அண்ணாச்சி மேல் விழும். அது நியாயம் இல்லை. அதனால் நான் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் சொர்ணலட்சுமி. வயது நாற்பத்தேழு. அஞ்சல் வழியில் பி.காம். படித்தேன். கணவர் இறந்தபின், என் பெரியப்பா மகன் காமராஜ் அண்ணாச்சி தன் லாரி ஆபீஸில் வேலையும், மாடியில் எனக்கும் மகள் ஆர்த்திக்கும் இருக்க இரண்டு அறையும் கொடுத்தார். பதினோரு வருஷமாக வண்டிகளை அனுப்புவதும் அவை போய்ச் சேரும்வரை கவனிப்பதும் என் பொறுப்பு. ஒன்பது வண்டிகள். எல்லாம் பட்டாசு லோடு. அண்ணாச்சி என்னை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் இரண்டாவது டிரைவர் விஷயம்.

தூரப் பயணத்துக்கு இரண்டு டிரைவர் போட்டால்தான் லோடு தருவோம் என்று பெரிய கம்பெனிகள் கேட்கும். எங்கள் டிரிப் ஷீட்டில் எப்போதும் இரண்டு பெயர் இருக்கும். ஓட்டுகிறவர் பெயர் மாறும். இரண்டாவது பெயர் பெரும்பாலும் ஆண்டிச்சாமிதான். ஆமத்தூர்க்காரர், அறுபத்தொரு வயது, ஒரு கண்ணில் புரை. லாரியில் கடைசியாக ஏறி ஆறு வருஷமாகிறது. ஆனால் லைசென்ஸ் உயிரோடு இருந்தது. வாரம் இரண்டு முறை ஆபீஸுக்கு வந்து, வெவ்வேறு பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். "இப்ப நான் எங்கன இருக்கேன் தாயி?" என்று கேட்பார். "நீங்க ராய்ப்பூருக்குப் பக்கத்துல இருக்கீக" என்பேன். "அங்கன மழையா வெயிலா?" என்பார். நல்ல மனிதர். அவருக்கு இதில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது.

விபத்து நடந்ததற்கு மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போன் வந்தது. லோடு கொடுத்த கம்பெனியிடம் இருந்த ஷீட் நகலில் இரண்டு பெயர் இருந்ததால், விபத்து நடந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் சாம்பலுக்குள் இரண்டாவது உடலைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து, ஆண்டிச்சாமி மனைவி சோலையம்மாளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, எதிரே தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கணவரிடம், "ஏங்க, நீங்க செத்துட்டீகளாம்" என்றிருக்கிறார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு உங்கள் காதுக்கு வந்து சேர்ந்ததால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஓய்வு. நாளுக்கு எட்டு மணி நேரம்தான் ஓட்ட வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்ற சட்டத்தை நான் படித்திருக்கிறேன். நல்ல சட்டம். ஷீட்டில் அந்த ஓய்வுகளை எழுதுவது நான்தான். வண்டி கிளம்புவதற்கு முன்பே எழுதிவிடுவேன். நேரத்தை மட்டும் எழுதினால் போதும். நான் இடத்தையும் யோசித்து எழுதுவேன். நிழல் இருக்கும், தண்ணீர் கிடைக்கும் என்று டிரைவர்கள் சொல்லக் கேட்ட ஊர்களாகப் பார்த்துப் போடுவேன். பொய்யாக எழுதினாலும் மனசாரத்தான் எழுதினேன்.

உண்மையில் பட்டாசு வண்டிக்கு ஓய்வு கிடையாது. எங்கேயும் நிறுத்த விடமாட்டார்கள். வெடிபொருள் என்று பலகையைப் பார்த்ததும் டாபாக்காரர் கையை ஆட்டி விரட்டுவார். பெட்ரோல் பங்க்கில் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினால் ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். சீசனில் ஒரு வண்டி லேட்டாகப் போனால் அடுத்த லோடு வேறு ஆபீஸுக்குப் போய்விடும். தீபாவளிக்கு மறுநாள் போய்ச் சேரும் பட்டாசு வெறும் காகிதம். அண்ணாச்சியிடம் நிஜமாகவே இரண்டாவது டிரைவர் போடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "ஆள் எங்க இருக்கான், சொல்லு. இருக்கிற ஆளுக்கே வண்டி பத்தல, இருக்கிற வண்டிக்கே ஆள் பத்தல" என்றார். அந்த வாக்கியத்தில் ஏதோ பிசகு இருந்தது. ஆனால் நான் மறுபடி கேட்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எங்கள் டிரைவர் ஒருவர் ஓட்டியபடியே தூங்கிப் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு விழுந்தார். அவர் மனைவி வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். அழவில்லை. மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அண்ணாச்சி என் மேசைக்கு வந்து, "இனிமே நம்ம வண்டில ஒருத்தனும் தூங்கக் கூடாது. என்ன செய்வியோ தெரியாது" என்றார். வண்டியை நிறுத்த வழியில்லை, ஆளைக் கூட்ட வழியில்லை. மிச்சம் இருந்தது போன் ஒன்றுதான்.

அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது. ஓட்டுகிறவர் காதில் ஒயரை மாட்டிக்கொள்வார். நான் இங்கிருந்து பேசிக்கொண்டே இருப்பேன். பேச்சு எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே தாலாட்டாகிவிடும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால் எது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனித்தேன். பக்கத்து அச்சகத்தில் ஓரம் பிசகியதால் கழித்துப் போட்ட டைரி ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு டிரைவருக்கும் நாலு பக்கம் ஒதுக்கினேன். பாட்டு, பத்து நிமிஷம். சினிமாக் கதை, கால் மணி. சண்டை, நாற்பது நிமிஷம். பாண்டிச்செல்வத்திடம் அவர் மச்சினனைப் பற்றிப் பேச்சை எடுத்தால் ஒரு மணி நேரம் திட்டுவார். ஒருமுறை அவரே சொன்னார்: "அக்கா, ஒங்க புண்ணியத்துல பெங்களூர் வந்ததே தெரியல. அந்தப் பய பேர வாழ்நாள் பூராம் சொல்லிட்டே இருங்க."

கெட்ட செய்தி எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. அதை நான் தேடிப் போகவில்லை. டிரைவர் மகேஷ்குமார் வண்டியில் இருந்தபோது அவன் மகன் நிஜமாகவே மரத்திலிருந்து விழுந்து மூன்று தையல் போட்டார்கள். சொல்லிவிட்டேன். அதன்பின் ஐந்து மணி நேரம் அவன் கொட்டாவிகூட விடவில்லை. அன்றிரவு டைரியில் எழுதினேன். அடுத்த மாதம் சங்கையாவிடம், அவர் மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றேன். காய்ச்சல் இல்லை. வண்டி போய்ச் சேர்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எப்போதும் சொல்லிவிடுவேன். முதலில் கோபப்படுவார்கள், பிறகு, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே சொல்லலாம் என்று தோன்றும். சங்கையா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவரை நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் உயிரோடு இருப்பதால்தான் அவரால் அப்படிப் போக முடிகிறது என்பதை அவர் யோசிக்கலாம்.

இனி கதிரவன்.

முப்பத்திரண்டு வயது. தாயில்பட்டிக்காரன். அவன் அப்பா காலத்தில் கூலிக்குக் கடலைக் காட்டில் வேலை செய்த குடும்பம். பிறகு எல்லோரும் பட்டாசு ஆலைக்கு வந்துவிட்டார்கள். இவன் ஒருத்தன்தான் வெடிமருந்தைத் தொடமாட்டேன் என்று லாரிக்கு வந்தவன். மனைவி பொன்மணி ஆலையில் வேலை செய்கிறாள், அவன் அம்மாவும் அதே ஆலை. மகள் ஓவியா ஒன்றாம் வகுப்பு. நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். என் டைரியில் அவனுக்கு நாலு பக்கம் போதாமல் ஏழு பக்கம் ஆகியிருந்தது. ஏனென்றால் எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை அவனிடம் எடுபடாது. ஓவியாவின் காய்ச்சல் ஒருமுறை, அவன் அம்மா வழுக்கி விழுந்தது ஒருமுறை, பொன்மணியின் அண்ணன் வந்து தகராறு செய்தது ஒருமுறை. எல்லாம் சொல்லித் தீர்ந்துபோயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் ஹூப்ளியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினான். அதற்கு முன் கொச்சி. ஆபீஸுக்குள் வந்து நாற்காலியில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்க்கா" என்றான். நாலு நாளில் மொத்தம் எட்டு மணி நேரம் படுத்திருக்கிறேன், கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல் இருக்கிறது என்றான். நாக்பூர் லோடு தயாராக இருந்தது. வியாழக்கிழமை காலைக்குள் போய்ச் சேர வேண்டும். மற்ற எட்டு வண்டிகளும் வெளியே இருந்தன. அண்ணாச்சி அவன் தோளில் கையைப் போட்டு, "இந்த ஒரு டிரிப்புடா. வந்ததும் தீபாவளி வரைக்கும் வீட்டுல கிட" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. ஷீட்டில் நான்கு ஓய்வுகள் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு அவனே போன் செய்தான். அனந்தபூர் தாண்டியிருந்தான்.

"அக்கா, முடியலக்கா. முன்னால போறது பஸ்ஸா மாட்டு வண்டியான்னு கிட்டத்துல போனப்பெறகுதான் தெரியுது."

"முகத்தக் கழுவுப்பா."

"அஞ்சு தடவ கழுவிட்டேன். பச்ச மெளகாயக் கடிச்சேன். இப்ப வாயி எரியுது, கண்ணு பாட்டுக்குத் தூங்குது." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டு டாபால நிறுத்தப் பாத்தேன், வெரட்டிட்டாங்க. பங்க்ல கம்பெடுத்துட்டு வாராங்க. இங்கன ஒரு பொட்டக் காடு இருக்கு, வீடு வாசல் ஒண்ணும் இல்ல. ஓரங்கட்டிட்டு ரெண்டே ரெண்டு மணி நேரம் படுத்துக்கிடுதேன். நீங்க எழுப்பி விட்ருங்க."

"இன்னும் மூணு மணி நேரம் ஓட்டிருப்பா. கர்னூல் தாண்டி நமக்குத் தெரிஞ்ச குடோன் ஒண்ணு இருக்கு. அங்கன படுத்துக்கிடலாம்."

அப்படி ஒரு குடோன் இல்லை.

"போன தடவையும் அந்தக் குடோனத்தான் சொன்னீக. தேடிக்கிட்டே நாக்பூர் போய்ச் சேந்துட்டேன்." மறுபடி சிரித்தான். "அடுத்து ஓவியாவுக்குக் காய்ச்சல்னு ஆரம்பிப்பீக. காலையிலயே பேசிட்டேன்க்கா. இட்லி வேணாம்னு சண்ட போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கா. இன்னிக்கி ஒங்க வித்தை எதுவும் நம்மகிட்ட வேகாது. கால்ல விழுந்து கேக்குறேன், தூங்க விடுங்க."

அவன் அப்படிக் கேட்டதை மறைக்க விரும்பவில்லை. கெஞ்சினான். நான் யோசித்தேன். பொட்டல் காடு என்கிறான். இரண்டு மணி நேரம் என்று படுக்கிற ஆள் இந்த நிலைமையில் பத்து மணி நேரம் எழுந்திருக்க மாட்டான். பத்து மணி நேரம் போனால் வியாழக்கிழமை போய்விடும். அல்லது இடம் சரியில்லை என்று மறுபடி வண்டியை எடுப்பான், எடுத்துத் தூங்குவான். அந்தப் பாலத்துக்குப் போன வண்டி என் கண்முன் வந்தது. அவனை விழிக்க வைக்க வேண்டும். அவன் நம்புகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். அவன் நம்பாதவை எல்லாம் என் டைரியில் இருந்தன. அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

"கதிரவா," என்றேன். "பொன்மணி இன்னிக்கி வேலைக்குப் போயிருக்காளா?"

"போயிருக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தாயில்பட்டிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுச்சாம். எந்தக் கம்பெனின்னு தெரியல."

"அக்கா, இதுல வெளையாடாதீக" என்றான்.

"நான் வெளையாடல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு. விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நீங்கள் இந்த மாவட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எதை வைத்தும் பொய் சொல்வார்கள், கேலி பேசுவார்கள். வெடிச்சத்தம் கேட்டது என்று மட்டும் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டுக்குச் சொல்லாது. சத்தம் என்ற சொல் காதில் விழுந்தால் ஆளாளுக்கு ஆலை வாசலுக்கு ஓடுவார்கள். ஓடியபின்தான் எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் அவன் நம்பினான். இத்தனை வருஷத்தில் நானும் அதைத் தொட்டதில்லை. அதுதான் முதல் முறை.

அதை அரைகுறையாகச் செய்யவில்லை. ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஐந்து மணிக்குத்தான் கைக்கு வரும். பொன்மணியின் போனும் அவன் அம்மாவின் போனும் ஒரே பெட்டியில் இருந்தன. அவன் தெருவில் பகல் நேரத்தில் போன் எடுக்கிற ஆள் கிடையாது, எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சி மதியத்தில் போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பாண்டிச்செல்வம் ராய்ப்பூர் பக்கம் இருந்தார், அவருக்கும் இங்கே நடப்பது தெரியாது. ஒன்று முப்பத்தைந்திலிருந்து ஐந்து மணிவரை மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் கர்னூலைத் தாண்டியிருப்பான். ஐந்து மணிக்கு நானே கூப்பிட்டு, ஒன்றுமில்லை, பொன்மணி நன்றாக இருக்கிறாள் என்று சொல்வதாக இருந்தேன். அவன் சிரித்திருப்பான்.

என்னை அவன் பதினெட்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். ஆறுதல் சொன்னால் அடுத்த பத்தாவது நிமிஷம் தூக்கம் வந்துவிடும். இது டைரியில் மூன்று இடத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு எழுத்தில் செய்தி அனுப்பினான். ஆலையின் ஆபீஸ் நம்பர் வேண்டும் என்று கேட்டிருந்தான். அந்த நம்பர் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் செய்தியைப் படித்தேன்.

இரண்டு மணி நாலு நிமிஷத்துக்குக் வண்டிகள் போகிற வழியை ஜி.பி.எஸ். காட்டும் கம்ப்யூட்டர் திரையில் அவன் வண்டி திரும்பியது.

நான் இதை எதிர்பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் காலத்தில் யாரும் லோடோடு திரும்பியதில்லை. வடக்கே போய்க்கொண்டிருந்த அம்புக்குறி, நடுத்தடுப்பில் இருக்கும் ஒரு இடைவெளியில் நுழைந்து தெற்கே பார்த்து நின்றது. பிறகு நகர்ந்தது. ஐம்பது. அறுபத்திரண்டு. எழுபத்தெட்டு. அவ்வளவு லோடோடு அந்த வண்டி எழுபத்தெட்டில் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஊருக்கு எழுநூறு கிலோமீட்டர். அவன் அதை அப்படியே வந்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்போதாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். சொன்னால் பயம் போய்க் கோபம் வரும். கோபம் நாற்பது நிமிஷம் தாங்கும். அதற்குப் பிறகு, அடக்கி வைத்த தூக்கம் இரண்டு மடங்காக வந்து விழும். அது இதைவிட ஆபத்து என்று கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்குச் சொல்லி வண்டியை மறுபடி வடக்கே திருப்பிவிடலாம், ஆறு மணி நேரம்தான் நஷ்டம், அதை வழியில் பிடித்துவிடலாம். அண்ணாச்சியிடம் சொல்லலாமா என்று எழுந்து உள்ளறை வரைக்கும் போனேன். அவர் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாற்பத்து மூன்று நிமிஷம் அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பத்தேழுக்கு அது நின்றது. நிம்மதியாக இருந்தது. ஓரங்கட்டிவிட்டான், மனசு மாறிவிட்டான் என்று நினைத்தேன். ஏழு நிமிஷம் பொறுத்துக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று தெலுங்கில் சொன்னது.

நிலக்கடலை பறித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பிய பெண்கள். இறந்தது அவர்கள் நான்கு பேர், ஆட்டோ ஓட்டியவர் ஒருவர், கதிரவன். ஆட்டோ குறுக்குச் சாலையிலிருந்து ஏறியபோது லாரி மோதியிருக்கிறது. அவர்கள் பெயர்களை விசாரித்து வாங்கித் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், உச்சரிப்பில் பிழை இருக்கலாம். லோடு எரிந்து முடியும்வரை பக்கத்தில் யாராலும் போக முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று உங்களிடம் இருக்கும்.

எட்டாம் நாள் பொன்மணி ஆபீஸுக்கு வந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள். கையில் போனை வைத்திருந்தாள்.

"அக்கா, முப்பத்தோரு தடவ கூப்பிட்டிருக்காரு. அம்புட்டு நேரமும் நான் உள்ள வேலைல இருப்பேன்னு அவருக்குத் தெரியாதா? எதுக்குக்கா கூப்பிட்டாரு?"

"ஒன் குரலக் கேக்கணும்னு தோணிருக்கும்மா" என்றேன்.

"சாகப் போறோம்னு மனசுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"இருக்கும்."

"பெறகு எதுக்குத் திரும்புனாரு? நாக்பூர் போற ஆளு எதுக்குக்கா தெக்க பாத்து வந்தாரு? எங்க தெருவுல குடிச்சிருந்தான்னு பேசுறாக. எங்க மாமியா, அங்கன எவளயோ பாக்கப் போயிருப்பான்னு என் காதுபடச் சொல்லுது. பெத்தவளே சொல்றா. குடிக்க மாட்டாருக்கா அவரு. ஒங்களுக்குத் தெரியுமே. பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் நீங்கதான பேசுறீக. கடைசியா ஒங்ககிட்டத்தான பேசுனாரு. என்ன சொன்னாரு?"

தூக்கம் வருகிறது என்று சொன்னான், ஓட்டு என்று சொன்னேன் என்றேன். அது பொய் இல்லை.

அவள் போனைத் தடவி, அவன் அனுப்பியிருந்த குரல் பதிவு ஒன்றைப் போட்டாள். மொத்தம் ஒன்பது விநாடி. "பொன்மணி, எடுத்துரு. ஒன்ன எதுக்கும் திட்டமாட்டேன். எடுத்துரு பிள்ள." அவ்வளவுதான். பின்னால் ஹாரன் சத்தம். அவள் அதை இன்னொரு முறை போட்டாள். "எதுக்குக்கா திட்டப் போறாரு? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். பிறகு அதே கேள்வியைச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவன் குடிக்கவில்லை, யாரையும் பார்க்கப் போகவில்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தான் என்று. சொல்லவில்லை. அவள் அதைத் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பதிவை நான் கவனமாகக் கேட்டேன். இரண்டாவது முறை இன்னும் கவனமாகக் கேட்டேன். குரலை வைத்து டிரைவரின் கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வதில் எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழறவில்லை, இழுவை இல்லை, மூச்சு சீராக இல்லை.

மேடம், சத்தம் கேட்டது என்று சொன்ன பொய் என்னுடையது. அண்ணாச்சிக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டிச்சாமிக்கும் தெரியாது. வண்டி திரும்பியதைப் பார்த்துக்கொண்டிருந்ததும், போனை எடுக்காமல் இருந்ததும் நான்தான். இதற்கு என்ன பிரிவோ அதைப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். அன்று உங்கள் மேசையில் இருந்த விபத்து அறிக்கையை நீங்கள் டீ சொல்லப் போனபோது படித்தேன். ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் வழிதவறி வந்து மோதியதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கதிரவன் தூங்கவில்லை. நான் போனில் பார்த்துக்கொண்ட வண்டிகளில் இதுவரை ஒருவர்கூடத் தூங்கியதில்லை.